டெக்சாஸ் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு பேண்ட்: ஓராண்டுக்குப் பின் ஒரு பெற்றோரின் மதிப்பீடு

டெக்சாஸ் மாநில அரசுப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்குள் ஏதேனும் ஒரு கலைப்பாடத்தை மாணவர்கள் படித்து முடித்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் ஓவியம், நாடகம், சேர்ந்திசை, வயலின் குடும்பத்துக் கருவிகள் அடங்கிய ஆர்கெஸ்ட்ரா, ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் அடங்கிய பேண்ட் ஆகியவற்றுள் ஒன்றைக் குறித்துத் தரும்படி வீட்டுக்கு ஒரு படிவம் வரும். டாலஸுக்கு வடக்கே உள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றில் எங்கள் மகள் சென்ற கல்வியாண்டு முழுவதும் தொடக்கநிலை பேண்ட் வகுப்பில் கிளாரினெட் கற்றாள். படிவத்தில் எதைக் குறிப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக, அந்த வகுப்பு எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது, எங்கே குறைபடுகிறது என்பதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பித்தலின் தரத்தையும் அதற்கு நாம் கொடுக்கும் விலையையும் சேர்த்துப் பார்த்தால், இதற்கு ஈடான இசைப் பயிற்சி இந்த ஊரில் வெளியே கிடைப்பது அரிது. ஆனால் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ அனுப்பும்போது நம்மவர் மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பு, அதாவது இன்னும் சில ஆண்டுகளில் இவள் தனியாக மேடையேறுவாள் என்ற எதிர்பார்ப்பு, இங்கே செல்லாது. அறுபது பேர் ஒன்றாக ஊதும்போது தன் ஒலி தனித்துக் கேட்காதபடி வாசிக்கப் பழகுவதே இந்த வகுப்பின் முதன்மையான பாடம். அதை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு இது மிகவும் பயன்படும். ஏற்காத குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

பேண்ட் என்பது பள்ளி விட்ட பிறகு நடக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. கணிதம், அறிவியல் போல இதுவும் பாட அட்டவணையில் உள்ள வகுப்புதான். எங்கள் பள்ளியில் நாள்தோறும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்தது. மதிப்பெண் உண்டு, தேர்வு உண்டு. டெக்சாஸின் பெரிய பள்ளிகள் பலவற்றில் இருப்பதைப் போலவே இங்கும் முதலாண்டில் கருவிவாரியாக வகுப்பைப் பிரித்துவிட்டார்கள். கிளாரினெட் பிள்ளைகள் ஓர் அறையில், டிரம்பெட் பிள்ளைகள் வேறொரு நேரத்தில் என்று நடத்துவதால், ஆசிரியர் ஒரே உதட்டுப் பிடிப்பையும் ஒரே விரல் முறையையும் வகுப்பு முழுவதற்கும் திருத்த முடிகிறது. எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும் உண்மையான பேண்ட் அனுபவம் டிசம்பர் கச்சேரியை ஒட்டித்தான் கிடைத்தது. முதல் நாளே அணிவகுப்பும் சீருடையுமாக இருக்கும் என்று எண்ணிச் சென்ற பிள்ளைகள் சற்று ஏமாந்துதான் போனார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோரின் மனக்குறைகளில் பாதி அங்கேதான் தொடங்குகின்றன. சேர்வதற்கு முந்தைய வசந்தகாலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, ஒவ்வொரு கருவியிலும் வாய் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸையும் கிருமிநாசினியால் துடைத்துத் துடைத்து ஊதச் சொல்கிறார்கள். உதட்டின் வாகு, முன்பற்களின் வரிசை, விரல் நுனிகள் துளைகளை முழுவதும் மூடுகின்றனவா, கை எட்டுகிறதா என்பதையெல்லாம் ஆசிரியர்கள் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பிள்ளை தன் விருப்பத்தை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்தித் தரலாம். இறுதி முடிவு ஆசிரியருடையது. சாக்சஃபோனுக்கும் தாளக்கருவிகளுக்கும் கூட்டம் அலைமோதும். பசூன், யூஃபோனியம், ஃபிரெஞ்ச் ஹார்ன் பக்கம் ஆள் இருக்காது. முப்பது சாக்சஃபோனை வைத்துக்கொண்டு பேண்ட் நடத்த முடியாது என்பதால், கேட்டது கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வோராண்டும் இருக்கத்தான் செய்வார்கள். பல்லுக்குக் கிளிப் போடவிருக்கும் பிள்ளை என்றால் அதை அன்றே சொல்லிவிடுவது நல்லது. டிரம்பெட், ஹார்ன் போன்ற பித்தளைக் கருவிகளில் மவுத்பீஸ் உதட்டை நேரே பல்லின்மேல் அழுத்துவதால், கிளிப் போட்ட தொடக்க வாரங்கள் மிகவும் வேதனையாக இருக்கும்.

தாளக்கருவி வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளின் கற்பனையில் இருப்பது திரைப்பட இசைக்குழுவின் டிரம்ஸ். வகுப்பில் கையில் கிடைப்பதோ ஒரு ரப்பர் பயிற்சிப் பலகையும், பியானோ கட்டைகள் போல வரிசையாக உலோகத் தகடுகள் பதித்த பெல் செட்டும்தான். பாதி ஆண்டு அந்தத் தகடுகளில் ஸ்வரம் தட்டுவதிலேயே போய்விடுவதால், பியானோ கற்ற பிள்ளைகளுக்கே ஆசிரியர்கள் முன்னுரிமை தருகிறார்கள். மிருதங்கம் கற்ற பிள்ளைக்குத் தாளக் கணக்கு கைகொடுக்கும், ஆனால் குச்சி பிடிப்பதை அவனும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் மகளுக்கு முதல் விருப்பம் ஃபுளூட், கிடைத்தது கிளாரினெட். கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டு வளர்ந்த அவளுடைய தாத்தாவுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது வர்ணம் வாசிப்பாள் என்பது.

அடுத்தது கருவி. டியூபா, பசூன், ஹார்ன் போன்ற பெரிய, விலை மிகுந்த கருவிகளைப் பள்ளியே வைத்திருந்து ஆண்டுக் கட்டணத்துக்குத் தருகிறது. கிளாரினெட், ஃபுளூட், டிரம்பெட், டிராம்போன், ஆல்டோ சாக்சஃபோன் ஆகியவற்றை நாமே வாடகைக்கு எடுக்க வேண்டும். இசைக்கருவிக் கடைகளில் மாத வாடகை கருவியைப் பொறுத்து மாறும்; கிளாரினெட்டுக்குக் குறைவு, சாக்சஃபோனுக்கு அதிகம். பழுதுபார்ப்புக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. பதினொரு வயதுப் பிள்ளை நாள்தோறும் பள்ளிப் பேருந்தில் சுமந்து செல்லும் பொருள் அது. கட்டிய வாடகை கருவியின் விலையில் கழிந்துகொண்டே வரும் திட்டமும் பெரும்பாலான கடைகளில் இருக்கிறது. நாங்கள் எடுத்தது ஆசிரியர் தந்த பட்டியலில் இருந்த யமஹா ஒய்.சி.எல். 255. உடல் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். மரக் கிளாரினெட் வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போது வெடிப்பு விடக்கூடியது; தொடக்கநிலைப் பிள்ளைக்குப் பிளாஸ்டிக்கே ஏற்றது. சாவிகள் சீராக இயங்கின, ஒலி எல்லாத் துளைகளிலும் ஒரே சீராக வந்தது, ஆண்டு முழுவதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கருவியானாலும் டெக்சாஸ் கோடையில் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. துளைகளை மூடும் பட்டைகளின் பசை இளகிவிடும்.

இரண்டு மாத வாடகைச் செலவில் இணையத்தில் புதுக் கிளாரினெட்டே கிடைக்கிறதே என்று கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத அந்த மலிவுக் கருவிகளின் சாவிகள் மென்மையான உலோகத்தால் ஆனவை என்பதால் விரைவில் வளைந்துவிடுகின்றன. உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லிப் பழுதுபார்க்கும் கடைகள் பல அவற்றைத் தொடவே மறுக்கின்றன. பிள்ளை சரியாக ஊதியும் ஒலி வராவிட்டால் குற்றம் தன்னுடையது என்றே அவள் நினைப்பாள். வாடகையை ஒப்பிடும்போது இந்த இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள் கருவி முழுதாகப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. மவுத்பீஸ், அதன்கீழ் பொருந்தும் பேரல் என்ற சிறு உருளை, இவை இரண்டை மட்டும் இணைத்து ஊதச் சொன்னார்கள். கீழுதட்டைப் பல்லின்மேல் மெல்ல மடித்து, தாடையைத் தட்டையாக வைத்து, கன்னம் உப்பாமல் ஒரே சீராக ஊதினால் அந்த இரண்டு துண்டுகளிலிருந்து குறிப்பிட்ட ஒரு சுருதி வரும்; நம் கர்நாடக சங்கீதச் சுருதிக் கணக்கில் அது நாலரைக் கட்டை. உதடு தளர்ந்திருந்தால் சுருதி இறங்கிவிடும், அளவுக்கு மீறிக் கடித்தால் ஏறிவிடும். நாங்கள் சுருதிப்பெட்டிச் செயலியை நாலரைக் கட்டையில் வைத்துவிட்டு அவளை ஊதச் சொன்னோம். மேற்கத்திய இசை அறியாத பெற்றோரும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை இது ஒன்றுதான், பயனுள்ள சோதனை.

பின்னர் கருவியை முழுதாகக் கோத்து வாசிக்கத் தொடங்கியதும் வேறொரு குழப்பம் வரும், அதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். கிளாரினெட்டில் பிள்ளை சி என்று படித்து வாசிக்கும் ஸ்வரம் வீட்டுக் கீபோர்டின் சி கட்டையோடு ஒத்துப்போகாது. அது ஆறரைக் கட்டையில் ஒலிக்கும். ஆல்டோ சாக்சஃபோனின் சி இரண்டரைக் கட்டை, ஃபிரெஞ்ச் ஹார்னின் சி நாலு கட்டை. இந்தக் கருவிகள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளை தப்பாக வாசிக்கிறாள், அல்லது வாடகைக் கருவி பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடத் தேவையில்லை.

கோப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் இணைக்கும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறிய பாலம் போன்ற சாவி உண்டு. மேல்பாகத்தின் வளையத்தை விரலால் அழுத்தி அந்தப் பாலத்தைத் தூக்கிக்கொண்டுதான் இரண்டையும் திருகிச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் அப்படியே திருகினால் பாலம் வளைந்துவிடும், அதற்குப் பின் கீழ் ஸ்வரங்கள் எதுவும் சரியாக வாரா. வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியும் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்ற கிளாரினெட்டுகளில் பெரும்பாலானவை இதே காரணத்தால்தான் சென்றன என்று கடைக்காரர் சொன்னார்.

தொடர் செலவு என்றால் அது ரீட். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ கிளாரினெட்டுக்கு ரீட் அப்படி. ஆனால் இது ஒற்றை நாணல் பட்டை. வண்டோரன் போன்ற நிறுவனங்களின் ரீட் பத்துப் பத்தாகப் பெட்டியில் வரும். தொடக்கத்தில் இரண்டு அல்லது இரண்டரை எண் கனமுள்ளதைத்தான் வாங்கச் சொல்வார்கள். நுனி காகிதம் போல மெல்லியது; உதட்டிலோ சட்டைக் கையிலோ உரசினால் பிளந்துபோகும். ஒரே ரீட்டைத் தேயும்வரை ஊதாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றி ஊதச் செய்தால் எல்லாமே கூடுதல் நாள் உழைக்கும். எங்கள் பள்ளியின் செலவுப் பட்டியலில் ரீட்டுக்கான தொகையே இல்லை என்பதைக் குறையாகவே சொல்வேன். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் அது சிறு தொகையாக இல்லை.

வீட்டுச் சாதகம் நாளுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் அரையாண்டில் வாரந்தோறும் நிமிடக் கணக்கை எழுதிப் பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. நிமிடத்தை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் நிமிடத்தைத்தான் எண்ணுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு கட்டங்களையும் ஒரே பேனாவால் நிரப்பும் வீடுகள் எத்தனையோ. இரண்டாம் அரையாண்டில் இதைக் கைவிட்டு, குறிப்பிட்ட நான்கு வரிகளை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார்கள். அதன் பிறகுதான் வீட்டில் உண்மையான சாதகம் நடந்தது. நல்ல பதிவு கிடைக்கும்வரை அவளாகவே எட்டு, பத்து முறை வாசித்துப் பார்த்தாள். தொடக்கத்திலிருந்தே இப்படிச் செய்திருக்கலாம்.

ஒலியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாண்டும்போது இடக்கைக் கட்டைவிரல் பின்னாலுள்ள சாவியை அழுத்தியபடியே மற்ற விரல்கள் எல்லாத் துளைகளையும் ஒருங்கே மூட வேண்டும். ஒரு விரல் இம்மி விலகினாலும் காதைத் துளைக்கும் கீச்சொலிதான் வரும். அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. இந்தக் கட்டம் சில மாதங்கள் நீடிக்கும். பிள்ளைகள் பேண்டை விட்டுவிட வேண்டும் என்று அழுவதும் பெரும்பாலும் இப்போதுதான்.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளிடம் ஆசிரியர் கவனித்துச் சொன்ன ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. இவர்களுக்குக் காது கூர்மை. பக்கத்துப் பிள்ளை இரண்டு முறை வாசித்தாலே மெட்டைப் பிடித்துவிடுகிறார்கள். அதனாலேயே தாளில் உள்ளதைக் கண்ணால் படிக்கப் பழகுவதில்லை. முன்பின் கேளாத வரி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும்போதுதான் இது வெளிப்படுகிறது. எங்கள் மகளுக்கும் அக்டோபரில் இப்படித்தான் வெளிப்பட்டது. ஆசிரியர் அவளைக் கடிந்துகொள்ளாமல், கருவியைக் கீழே வைத்துவிட்டு ஸ்வரப் பெயர்களைத் தாளத்தோடு வாயால் சொல்லவும் விரல்களை மட்டும் அசைக்கவும் பயிற்சி கொடுத்தார். சரளி வரிசையைக் கையில் தாளம் போட்டுப் பாடுகிற பிள்ளைக்கு இது எளிதில் கைவந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இப்படி மருந்து கொடுக்கும் ஆசிரியர் அரசுப் பள்ளியில், கற்பித்தலுக்கென்று தனிக் கட்டணம் ஏதுமின்றிக் கிடைக்கிறார் என்பதே இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பதற்கான முதற் காரணம்.

டிசம்பர் கச்சேரிக்கு ஊரிலிருந்து தாத்தா பாட்டியைக் காணொளி அழைப்பில் உட்காரவைத்திருந்தோம். சென்னையில் மார்கழிக் கச்சேரி கேட்பவர்களுக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஸ்வரங்களைக் கொண்டு நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே மெட்டை வாசித்தது என்ன தோன்றியிருக்குமோ தெரியாது. பேத்தியின் ஒலி எது என்று மட்டும் பலமுறை கேட்டார்கள். தனியாகக் கேட்காமலிருப்பதுதான் சரி என்று விளக்கியபோது அவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மே மாதக் கச்சேரியில் நிலைமையே வேறு. ஒருவர் மெட்டை எடுக்க மற்றவர்கள் கீழே தாங்கிப் பிடிக்கும்படியான பகுதிகளை வாசித்தார்கள். மூச்சு எடுக்கும் இடங்கள்கூட ஒன்றாக இருந்தன. நாற்காலி வரிசையில் தன் பிள்ளை ஏன் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஏன் மெட்டைக் கீழே தாங்கிப் பிடிக்கும் மூன்றாம் கிளாரினெட் பகுதியைக் கொடுத்தார்கள் என்று ஆசிரியரிடம் கேட்கும் நம்மவர்களைக் கண்டேன். அந்தக் கீழ்ப்பகுதி ஆட்டம் கண்டால் மேலே மெட்டு வாசிப்பவர்களின் சுருதியும் சேர்ந்து தடுமாறும். அவ்விடத்தில் உறுதியான பிள்ளையை வைப்பது ஆசிரியருக்குத் தெரிந்த கணக்கு.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிவிப்புகள் மின்னஞ்சல் ஒன்றிலும் இரண்டு செயலிகளிலும் சிதறி வந்தன. நிதி திரட்டுவதற்காகப் பிஸ்கட் மாவு விற்கும் பொறுப்பைப் பதினொரு வயதுப் பிள்ளைகள்மேல் சுமத்துவது எனக்கு ஒப்பவில்லை. விற்காவிட்டால் மதிப்பெண் குறையாது என்றாலும், அதிகம் விற்றவருக்குப் பரிசு என்று வகுப்பில் அறிவிப்பதே போதும், பிள்ளை வீட்டில் படுத்தி எடுத்துவிடுவாள். கச்சேரிக்கு வருவதும் மதிப்பெண்ணில் சேரும். எங்கள் வசந்தகாலக் கச்சேரி தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா நாளிலேயே அமைந்துவிட்டது. தேதி ஆகஸ்டிலேயே தரப்பட்டது என்ற ஒரே பதிலுக்கு மேல் வேறு வழி கிடைக்கவில்லை. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் தரும் நாள்காட்டியைத் தமிழ்ப்பள்ளி, நடனம், கணித வகுப்பு எல்லாவற்றின் நாள்காட்டியோடும் அன்றே ஒப்பிட்டுவிடுங்கள்.

மேல் வகுப்புகளைப் பற்றி ஓரிரு செய்திகள். ஏழாம் வகுப்பு முதல் போட்டிகளும் மதிப்பீட்டு மேடைகளும் தொடங்கும். டெக்சாஸில் 1984இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஏதேனும் ஒரு பாடத்தில் 70க்குக் குறைவாக மதிப்பெண் பெற்றால், விலக்களிக்கப்பட்ட சில உயர்நிலைப் பாடங்களைத் தவிர, குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. பேண்டுக்கும் இது பொருந்தும். உயர்நிலைப் பள்ளியில் அணிவகுப்பு பேண்ட் வந்துவிடும். பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று மாநில விதி இருந்தாலும், அந்த எட்டு மணி நேரமும், அதற்கு மேல் வெள்ளி இரவுக் கால்பந்து ஆட்டங்களும், சனிக்கிழமைப் போட்டிகளும், கோடை முடியுமுன்பே தொடங்கும் வெயில் பயிற்சியும் சேரும்போது வேறு வகுப்புகளுக்கு இடமே இராது. ஆறாம் வகுப்பில் சேருவதால் அதற்கெல்லாம் கட்டுப்பட்டுவிட்டோம் என்று பொருளில்லை. ஓராண்டு படித்துவிட்டு விலகலாம், கலைப்பாட விதியும் நிறைவேறிவிடும்.

தனி ஆசிரியரிடம் வாரம் அரைமணி நேரம் கற்கும் வசதியையும் பள்ளியே ஏற்பாடு செய்கிறது, கட்டணம் தனி. முதல் அரையாண்டில் அது தேவைப்படவில்லை என்பது என் கருத்து. வகுப்பாசிரியர் கற்பிப்பதைச் சாதகம் செய்தாலே போதும். மேல் ஸ்தாயி தொடங்கும்போது சிக்கல் நீடித்தால் மட்டும் யோசிக்கலாம். நீச்சல், சதுரங்கம், பரதம் என்று வார நாள்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்ட பிள்ளைக்கு இந்த இருபது நிமிடச் சாதகமே பெரும் பாரமாகிவிடும். அத்தகைய குடும்பங்கள் சேர்ந்திசையைக் குறிப்பது நல்லது. அதற்குக் கருவி வாடகையும் கிடையாது.

நாங்கள் ஏழாம் வகுப்புக்கும் பேண்டையே குறித்திருக்கிறோம். வாடகையும் தொடர்கிறது, கருவியோடு வந்த மவுத்பீஸை விட்டுவிட்டு நல்லதொன்றை வாங்கும்படி மட்டும் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். புதிதாகச் சேரவிருப்பவர்கள் கருவி உறுதியானதும் மே மாதத்திலேயே வாடகைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆகஸ்டில் கடை வாசலில் வரிசை நீளும். பட்டியலில் உள்ள மாதிரி தீர்ந்துபோய், கையில் கிடைப்பதைத்தான் எடுத்து வர வேண்டியிருக்கும்.